பாதரசம் தேடும் ஒளி

(தேசிய அறிவியல் நாளையொட்டி ஒரு கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வேதியியல் பேச்சு கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

பிப்ரவரி 28 என்றால் ராமனைப் பற்றிப் பேசியாக வேண்டும். பேசுகிறேன். ஆனால் எல்லா மேடையிலும் சொல்லப்படும் ராமன் விளைவின் கதையை விட்டுவிட்டு, அதற்கு ஐந்தாண்டு முந்தைய ஒரு சங்கடத்திலிருந்து தொடங்குகிறேன். 1923-இல் கல்கத்தாவில், ராமனின் ஆய்வுக்குழுவில் இருந்த கே. ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறும் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சூரிய ஒளியை வடிகட்டி ஒரே நிறமாக்கி உள்ளே அனுப்பினால், சிதறி வெளியே வருவதும் அதே நிறமாகத்தானே இருக்க வேண்டும்? கூடவே வேறொரு நிறமும் மிக மங்கலாக வந்தது. திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று எண்ணினார்கள். 'மெல்லிய உடனொளிர்வு' என்றே குறித்தும் வைத்தார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மை செய்தார்கள். அந்த மங்கல் ஒளி போகவே இல்லை. நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928-இல் அதை மறுபடி கையில் எடுத்தபோதுதான், அந்த ஒளி வலுவாகத் தளவிளைவு அடைந்திருக்கிறது, சாதாரண உடனொளிர்வு இப்படி இருக்காது என்பது உறுதியானது. அதன் பிறகு நடந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் இன்று பேச வந்தது உண்மையான உடனொளிர்வைப் பற்றி. உயிருள்ள செல்லுக்குள் பாதரசமோ ஈயமோ காட்மியமோ நுழைந்தால் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளைப் பற்றி. ஓர் ஒளி கண்ணில் படுவதற்கும், அது எதனால் வந்தது என்று தெரிவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் உண்டு என்பதை ராமனின் கூடத்தில் இருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். எங்கள் துறையில் அதைச் சில சமயம் மறந்துவிடுகிறோம் என்பது என் குறை.

முதலில், எதற்கு இந்தத் தேடல்?

ஜப்பானின் கியூஷூ தீவில் மினமாட்டா என்ற கடலோர ஊர். அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் தொழிற்சாலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கியாகப் பாதரசம். கழிவு விரிகுடாவில் கலந்தது. 1950-களில் அந்த ஊர்ப் பூனைகள் தள்ளாடிச் சுழன்று, வெறிபிடித்ததுபோல் ஓடிச் செத்தன. 1956 மே 1 அன்று, தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனை இயக்குநராக இருந்த மருத்துவர் ஹோசோகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் ஒன்று ஊரில் பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அந்த நாளைத்தான் மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாகக் கொள்கிறார்கள். முதலில் மாங்கனீசைச் சந்தேகித்தார்கள். பிறகு செலினியம், தாலியம். கரிமப் பாதரசம்தான் என்று குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு சொன்னது 1959-இல். அதே ஆண்டு ஹோசோகாவா தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிடப்பட்ட அந்தப் பூனைக்கும் நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. அசிட்டால்டிஹைடு தயாரிப்பு நின்றது 1968-இல். ஜப்பான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டில்தான்.

இதில் வேதியியல் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதரசம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடிந்த பிறகும், அது எப்படி நோயாகிறது என்பது தெரியவில்லை. தலைமுடியில் அளந்தார்கள், சேற்றில் அளந்தார்கள், இறந்தவர்களின் மூளையில் அளந்தார்கள். மூளையில் சேதம் எல்லா இடத்திலும் ஒரேபோல் இல்லை. சிறுமூளையில் நுண்மணிச் செல்கள் அழிந்திருந்தன. பார்வைக்கான புறணியில் ஒரு பகுதி அழிந்திருந்தது. பக்கத்திலேயே இருந்த வேறு செல்கள் பெரிய சேதமில்லாமல் தப்பியிருந்தன. ஒரே இரத்தம், ஒரே நஞ்சு. சில செல்கள் மட்டும் ஏன்? திசுவை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அணு உட்கவர் நிறமாலைமானியில் விட்டால் கிடைப்பது ஒரே ஓர் எண். அந்த எண் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கரைத்த பிறகு செல் ஏது?

இன்னொன்று, காலம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர். உலோக நச்சியலில், குறிப்பாகக் குரோமியத்தில், பெயர் பெற்றவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவருடைய கையுறைமேல் சிந்தின. லேடெக்ஸ் கையுறை அந்தப் பொருளைத் தடுக்காது என்பது அப்போது பெரும்பாலோருக்குத் தெரியாது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று இறந்தார். அந்த ஐந்து மாதமும் உலோகம் உடலில்தான் இருந்தது. அது என்ன செய்துகொண்டிருந்தது?

நம் ஊரிலும் இதன் இன்னொரு முகம் உண்டு. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடியைப் பழைய பொருள் வியாபாரியிடம் விற்றது வெளியே வந்து, 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். நடுவில் பதினைந்து ஆண்டு. பாதரச ஆவியைச் சுவாசித்தவரின் உடலில் அதன் அரைவாழ்வு இரண்டு மாதம் போல. ஆலையை விட்டு வெளியே வந்து ஆண்டுகள் ஆனவரின் சிறுநீரை எடுத்து அளந்து, 'பாதரசம் இயல்பான அளவில்தான் இருக்கிறது' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? உலோகம் போய்விட்டது என்றுதான் பொருள். அது உள்ளே இருந்தபோது எதைக் கெடுத்துவிட்டுப் போனது என்பதைச் சிறுநீர் சொல்லாது.

ஆகவே உயிரோடு இருக்கும் செல்லை, உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அதற்குத்தான் ஒளி.

1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஓர் எளிய சோதனை செய்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, குயினைன் கரைசல் இருந்த குழாயைச் சிவப்பிலிருந்து ஊதா நோக்கி நகர்த்திக்கொண்டு போனார். ஊதாவும் முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டுக்குள் குழாய் போனதும் அது நீலமாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை விழுங்கி, தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. விழுங்கிய ஒளியைவிட வெளியே வரும் ஒளிக்கு ஆற்றல் குறைவு, அலைநீளம் அதிகம். இந்த வேறுபாடுதான் எங்களுக்கு உயிர்நாடி. உள்ளே போகும் நிறத்தை வடிகட்டியால் தடுத்துவிட்டு, வெளியே வரும் நிறத்தை மட்டும் பார்க்கலாம். பின்னணி இருட்டாகிவிடும். இருட்டில் சிறு ஒளியும் தெரியும்.

ஒரு வேடிக்கை: இந்த வகை நுண்ணோக்கிகளில் பல பத்தாண்டுகளாக ஒளி மூலமாக இருந்தது பாதரச வில் விளக்கு. ராமனின் நிறமாலைகளும் பாதரச விளக்கின் உதவியால் பதிவானவைதான். செல்லுக்குள் ஒரு துளி பாதரசத்தைத் தேடுகிற கருவியின் தலைமேலேயே பாதரசம் எரிந்துகொண்டிருந்தது. இப்போது எல்இடி வந்து அந்த முரண் நீங்கிவிட்டது.

பள்ளியில் பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியைப் போட்டு டைட்ரேஷன் செய்திருப்பீர்கள். அதே வேலையை நிறத்துக்குப் பதில் ஒளிர்வால் செய்யும் மூலக்கூறை இங்கே ஒளிர்காட்டி என்று சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் 'ப்ரோப்' என்போம். அதற்கு இரண்டு பகுதி வேண்டும். உலோகத்தைப் பிடிக்க ஒரு கை, ஒளிர ஓர் உடல். கை உலோகத்தைப் பிடித்த செய்தி உடலுக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் கலை இருக்கிறது.

இதைத் தெளிவாக வகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் இலங்கையில் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்பாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா. அவருடைய வடிவமைப்பில் பிடிக்கும் பகுதியில் ஒரு நைட்ரஜன் இருக்கும். அதன் தனி இணை எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. ஒளிரும் பகுதி ஒளியை விழுங்கிக் கிளர்ந்ததும், அது ஒளியை வெளியே விடுவதற்கு முன்பே நைட்ரஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் தாவி வந்து அந்த ஆற்றலைக் கரைத்துவிடும். ஒளி வராது. உலோக அயனி வந்து அந்த எலக்ட்ரான் இணையைப் பிடித்துக்கொண்டால் தாவல் நின்றுவிடும். ஒளி வரும். எல்லாம் சில நானோ நொடிக்குள் நடக்கும் போட்டி. 1993-இல் இதே உத்தியைக்கொண்டு, இரண்டு வகை அயனிகள் சேர்ந்து வந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூறைச் செய்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கணினி மாணவர்கள் 'ஆண்ட் கேட்' என்று படிப்பதை இவர்கள் மூலக்கூறில் செய்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அவருடைய ஒளிர்காட்டிகள் மருத்துவமனைகளில் இரத்தத்தின் சோடியம், பொட்டாசியம், கால்சியத்தை அளக்கும் கருவிகளில் வேலை செய்கின்றன. எங்கள் துறையில் ஆண்டுதோறும் புதிய மூலக்கூறுகள் வெளியாகின்றன. நோயாளியின் படுக்கை வரை போனவை மிகச் சில.

சோடியத்துக்குச் சரி. பாதரசத்துக்கு இது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. பாதரசம் கனமான அணு. ஒளிரும் பகுதிக்குப் பக்கத்தில் அது வந்து உட்கார்ந்தாலே, கிளர்ந்த எலக்ட்ரானின் சுழற்சியைக் குழப்பி, ஒளி வராத வேறொரு நிலைக்கு அதைத் தள்ளிவிடும். ஆகவே பாதரசத்துக்கான தொடக்ககால ஒளிர்காட்டிகள் பல, பாதரசம் வந்தால் அணைந்துபோகிறவை. அதுவும் தகவல்தானே என்பீர்கள். திருக்கார்த்திகை அன்று தெரு முழுக்க அகல் எரியும்போது ஒன்று அணைந்தால் யார் கண்ணில் படும்? இருண்ட தெருவில் ஒன்றை ஏற்றினால் தெருக்கோடியிலிருந்தே தெரியும். செல்லுக்குள் அணைவதற்கு வேறு காரணங்களும் ஆயிரம் இருக்கின்றன. வேண்டியது பாதரசம் பட்டால் பற்றிக்கொள்கிற மூலக்கூறு.

அந்த இடத்தில்தான் பஞ்சுமிட்டாய் வருகிறது.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கும். புதுச்சேரி சில நாள் முன்பே போட்டது. மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம், தின்பதற்கு உரியதல்ல. தின்ன வேண்டாம், சரி. ஆனால் அந்தச் சாயம் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல ஒளிர்மூலக்கூறுகளில் ஒன்று. அதன் அமைப்பில் ஒரு வளையத்தை மூடலாம், திறக்கலாம். ஹைட்ரசீனுடன் வினைபுரியவைத்தால் வளையம் மூடிக்கொள்ளும். மூடியிருந்தால் நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. வெறும் வெள்ளைப் பொடி. திறந்தால் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, கூடவே ஆரஞ்சு ஒளிர்வு. நடுவில் எதுவும் கிடையாது.

1997-இல் ஆண்டனி சார்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் இந்த மூடிய வளையத்தைத் தாமிர அயனியால் திறந்து காட்டினார்கள். 2005-இல் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகத்தில் ஜின்சுங் டேயின் குழு பாதரசத்துக்கு ஒரு நல்ல தந்திரம் செய்தது. மூடிய வளையத்தில் ஒரு கந்தக அணுவைத் தொங்கவிட்டார்கள். பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் உள்ள பற்று எல்லை கடந்தது. வந்த வேகத்தில் அது அந்தக் கந்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிய இடத்தில் மூலக்கூறு தானே வேறு வளையமாக மடங்க, ரோடமினின் வளையம் திறந்துவிடும். ஒளி பற்றிக்கொள்ளும். பிடுங்கிக்கொண்டு போன பாதரசம் சல்பைடாகிறது. சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்று சொல்கிறோமே, அதே கூட்டு. இப்போது பாதரசம் சாயத்தின் பக்கத்திலேயே இல்லை என்பதால் ஒளியை அணைக்கவும் முடியாது. அழகான வேதியியல். அடுத்த ஆண்டே இந்த மூலக்கூறைச் செல்களுக்குள்ளும், உயிருள்ள ஜீப்ரா மீனுக்குள்ளும் செலுத்திப் பாதரசத்தைப் படமெடுத்தார்கள். அந்த மீன் நம் கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்தது. உலகம் முழுதும் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் நீந்திக்கொண்டிருக்கிறது.

செல்லுக்குள் இவற்றை எப்படி அனுப்புவது என்ற கேள்விக்கு ஒரு பொதுவான விடையை முன்பே கண்டவர் ரோஜர் சியென். பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர் என்றுதான் அவரை அறிவோம். அதற்கு வெகு முன்பே, கேம்பிரிட்ஜில் இளம் ஆய்வாளராக இருந்தபோது, கால்சியத்தைப் பிடிக்கும் மூலக்கூறுகளைச் செய்தார். அவை மின்சுமை உள்ளவை, செல்லின் கொழுப்புச் சவ்வைக் கடக்காது. சியென் அந்தச் சுமைகளை எஸ்டராக மூடி மறைத்தார். மறைத்த மூலக்கூறு சவ்வுக்குள் நழுவிப் போகும். உள்ளே செல்லின் சொந்த நொதிகள் அந்த மூடியை வெட்டி எறியும். சுமை திரும்ப வந்துவிடும், மூலக்கூறு வெளியே வர முடியாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஊசி வேண்டாம், செல் சாகாது. 1981-இல் வந்த இந்த யோசனையை இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறோம்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் குழு 2005-இல் மீனில் உள்ள பாதரசத்துக்கும், 2006-இல் உயிருள்ள செல்லில் உள்ள ஈயத்துக்கும் ஒளிர்காட்டிகள் செய்தது. அதன் பிறகு வெள்ளம். காட்மியம், குரோமியம், வெள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில் வந்தன. இந்தியாவிலிருந்தும் மிக நிறைய.

இதுவரை பாராட்டினேன். இனிமேல் கொஞ்சம் சண்டை.

இந்தக் கட்டுரைகளில் ஒரு படம் நிச்சயம் இருக்கும். இடப்பக்கம் கறுப்புச் சதுரம், அதுதான் ஒளிர்காட்டி மட்டும் போட்ட செல். வலப்பக்கம் செக்கச்செவேலென்று ஒளிரும் செல்கள், அவை பாதரசம் கொடுத்தவை. கீழே 'உயிருள்ள செல்லில் பாதரசத்தைக் கண்டறிந்தோம்' என்று எழுதியிருக்கும். அந்தச் செல்லுக்கு எவ்வளவு பாதரசம் கொடுத்தீர்கள் என்று செய்முறைப் பகுதியைத் தேடிப் படித்தால், பெரும்பாலும் 10 மைக்ரோமோலார், 20, சில சமயம் 50. அரை மணி நேரம் ஊறவைத்தது. கணக்குப் போடுவோம். பாதரசத்தின் அணு எடை 200.6. 10 மைக்ரோமோலார் என்றால் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் அனுமதிப்பது 0.001 மில்லிகிராம். இரண்டாயிரம் மடங்கு! மினமாட்டாவில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மீன் வழியாகச் சிறுகச்சிறுகப் போனதை, அரை மணியில் வாளியால் ஊற்றிவிட்டு, 'பார்த்தீர்களா, தெரிகிறது' என்கிறோம். தெரியாமல் என்ன செய்யும்?

அந்தச் செல்லும் பெரும்பாலும் ஹீலா செல். 1951-இல் ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்து இன்றுவரை வளர்க்கப்படுவது. அது நரம்புச் செல் அல்ல. பாதரசம் குறிவைக்கும் இடம் எதுவோ, அங்கே நாம் பார்ப்பதே இல்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் குளுட்டாத்தயோன் என்ற சிறு மூலக்கூறு, கந்தகக் கை ஒன்றோடு, 1 முதல் 10 மில்லிமோலார் அளவில் மிதந்துகொண்டிருக்கிறது. புரதங்களின் சிஸ்டைன்கள் வேறு. நாம் போடும் ஒளிர்காட்டி 5 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொண்டால், செல்லின் சொந்தக் கந்தகம் அதைப்போல் பலநூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்குக்கு மேல் வரை. உள்ளே வரும் பாதரச அயனியை அவை முதலிலேயே பிடித்துக்கொள்ளும். தனித்துத் திரியும் பாதரச அயனி என்ற ஒன்று செல்லுக்குள் நடைமுறையில் கிடையாது. அப்படியானால் நம் ஒளிர்காட்டி எதைக் கண்டது?

இங்கே பாதரசத்தின் விசித்திரக் குணம் ஒன்று கைகொடுக்கிறது. அது கந்தகத்தை இரும்புப் பிடியாகப் பிடிக்கும், ஆனால் ஒரு கந்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மிக வேகமாகத் தாவவும் செய்யும். அந்தத் தாவலின் போது நம் மூலக்கூறிடம் வந்தால், அதுவும் திரும்பாத வினையாக இருந்தால், ஒளிர்வு கிடைக்கும். ஆக, ஒளிர்காட்டி காட்டுவது செல்லில் உள்ள மொத்தப் பாதரசத்தை அல்ல. கைமாறிக்கொண்டிருக்கும் பாதரசத்தை, அதிலும் இந்த அரை மணிக்குள் நம்மிடம் வந்து சேர்ந்ததை. அதோடு, வந்ததை நாம் சல்பைடாக்கி வெளியேற்றிவிட்டோம். அளக்கப் போன இடத்தில் நஞ்சையே குறைத்துவிட்டோம். அளந்த செல்லும் அளக்காத செல்லும் இனி ஒன்றில்லை. மருந்தாக நினைத்தால் நல்ல செய்தி. அளவீடாக நினைத்தால் கவலை.

மூடிய ரோடமின் வளையத்துக்கு வேறொரு பலவீனமும் உண்டு. அமிலம் பட்டாலும் அது திறந்துகொள்ளும். செல்லுக்குள் லைசோசோம் என்ற சிறு பைகளில் பிஎச் 4.5, 5 என்று அமிலம் இருக்கிறது. அமீன் உள்ள மூலக்கூறுகள் அங்கேதான் போய்ச் சேரும். சேர்ந்ததும் உலோகமே இல்லாமல் புள்ளிப் புள்ளியாக ஒளிரும். நஞ்சூட்டப்பட்ட செல்லில் லைசோசோம்கள் பெருகவும் செய்யலாம். பாதரசம் ஒளிரவைத்ததா, பாதரசத்தால் துன்புற்ற செல்லின் அமிலம் ஒளிரவைத்ததா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

பழைய உதாரணம் ஒன்று இன்னும் நல்லது. சியென் 1985-இல் ஃபியூரா-2 என்ற கால்சியம் ஒளிர்காட்டியை அறிமுகப்படுத்தினார். உடலியல் ஆய்வகங்களில் அது இல்லாத இடமே இல்லை. 340, 380 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளத்தில் கிளர்வித்து, இரண்டின் விகிதத்தைப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் சாயம் கூடக்குறைய இருந்தாலும் விகிதம் ஏமாற்றாது. மிகக் கவனமான ஏற்பாடு. நச்சியலாளர்கள் செல்லுக்குக் காட்மியமோ ஈயமோ கொடுத்து, ஃபியூரா-2 வைத்துப் பார்த்தால் ஒளிர்வு மாறும். 'காட்மியம் செல்லின் கால்சியத்தை உயர்த்துகிறது' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஃபியூரா-2 ஈயத்தையும் காட்மியத்தையும் கால்சியத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். பார்த்தது கால்சியமா, உள்ளே நுழைந்த நஞ்சேதானா? விடை காண ஒரு வழி இருக்கிறது. டிபிஇஎன் என்ற மூலக்கூறு கன உலோகங்களைப் பிடுங்கிக்கொள்ளும், கால்சியத்தை ஏறக்குறைய தொடாது. அதைப் போடுங்கள். ஒளிர்வு பழைய நிலைக்குத் திரும்பினால் அது கால்சியம் இல்லை. இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. செய்யாமல் விட்டால் ஆகும் செலவு ஒரு தவறான கோட்பாடு.

ஈயம் நஞ்சாவதே இப்படித்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கால்சியமும் துத்தநாகமும் உட்கார வேண்டிய இருக்கைகளில் அது போய் உட்கார்ந்துவிடுகிறது. இரத்தத்தின் ஹீம் உருவாக்கத்தில் ஒரு நொதி துத்தநாகத்தை நம்பி இருக்கிறது. ஈயம் அந்தத் துத்தநாகத்தை வெளியேற்றி நொதியை முடக்குகிறது. ஒளிர்காட்டியை ஏமாற்றும் அதே வேதியியல்தான் உடலையும் ஏமாற்றுகிறது. அதனால் ஃபியூரா-2 ஏமாந்ததை வெறும் தொல்லை என்று நான் ஒதுக்குவதில்லை.

மெத்தில் பாதரசமும் அப்படியே. அது சிஸ்டைனோடு சேர்ந்ததும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் சாயலைப் பெறுகிறது. மூளைக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுபோகும் வாயில் அதை மெத்தியோனின் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. மினமாட்டாவில் நடந்தது இதுதான். ஆனால் நம் ஒளிர்காட்டிகளில் பெரும்பாலானவை சோதிக்கப்பட்டது பாதரச குளோரைடிலும் பெர்குளோரேட்டிலும். மெத்தில் பாதரசத்துக்கு ஒரு கைதான் உண்டு, சாதாரணப் பாதரச அயனிக்கு இரண்டு. இரண்டையும் ஒரே செல்லுக்குள் பிரித்துக் காட்டும் ஒளிர்காட்டிகள் மிகக் குறைவு. நரம்புச் செல்லில், உண்மையான அளவில், நாட்கணக்கில் பார்க்கக்கூடியது இன்னும் வேண்டும். உங்களில் யாராவது முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடினால் இதோ ஒன்று.

வேதியியலர் இப்படித் தடுமாறும் இடத்தில் ஒரு பாக்டீரியா எப்போதோ வென்றுவிட்டது. பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களில் மெர்ஆர் என்ற புரதம் இருக்கிறது. மூன்று சிஸ்டைன்கள் சேர்ந்து பாதரசத்தை மூன்று பக்கமும் பிடிக்கின்றன. சுற்றிலும் மில்லிமோலார் கணக்கில் வேறு கந்தகம் இருந்தாலும், நானோமோலார் பாதரசத்தை இது கண்டுபிடித்து, நஞ்சை முறிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்த மரபணுக்களின் இடத்தில் கடலில் ஒளிரும் பாக்டீரியாவின் மரபணுக்களை வைத்துத் தைத்தால், பாதரசம் கண்டதும் தானே ஒளிரும் பாக்டீரியா கிடைக்கும். வெளியிலிருந்து விளக்கே தேவையில்லை. செய்தும் விட்டார்கள். நாம் ஒரு மூலக்கூறில் ஒரு கந்தகத்தைத் தொங்கவிட்டுப் பெருமைப்படுகிறோம். அது மூன்றைச் சரியான கோணத்தில் நிறுத்தியிருக்கிறது.

இந்தக் குறைகளையெல்லாம் கேட்டுவிட்டு, ஒளிர்காட்டிகளால் பயனில்லை என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது. மீன் தசையை அமிலத்தில் கரைத்து ஒரு துளி ஒளிர்காட்டி விட்டுப் பாதரசத்தை அறிய முடிகிறது. உலோகத்தை நுட்பமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி கோடிக்கணக்கான ரூபாய், குளிரூட்டிய அறை, ஆர்கான் வாயு எல்லாம் கேட்கும். சிறு ஆய்வகத்துக்கு இந்த வழி எட்டும் தூரத்தில் இருக்கிறது. செல்லுக்குள் பார்ப்பதிலும், உலோகம் முதலில் எந்த அறைக்குப் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை வேறெந்தக் கருவியும் இவ்வளவு உயிரோட்டமாகக் காட்டாது. நான் கேட்பது, படத்தோடு நான்கு கேள்விகளுக்கும் விடை வேண்டும் என்பதுதான். உலோகம் இல்லாமல் ஒளிர்காட்டி மட்டும் இருந்தால் என்ன ஆகிறது? டிபிஇஎன் போன்ற உலோகம் பிடுங்கியைப் போட்டால் ஒளி அணைகிறதா? திரும்பாத வினை என்றால், முதலிலேயே பிடுங்கியைப் போட்டுவிட்டுப் பார்த்தால் ஒளி வராமலே இருக்கிறதா? அதே செல்களைக் கரைத்து மொத்த உலோகத்தை அளந்தால் அந்த எண் படத்தோடு ஒத்துப்போகிறதா?

உங்கள் துறைத் தலைவர் சற்று முன் கேட்டார், நம் கல்லூரியில் இதைச் செய்து பார்க்க முடியுமா என்று. முடியும். ரோடமின்-பியை எத்தனாலில் கரைத்து ஹைட்ரசீன் ஹைட்ரேட்டோடு கொதிக்கவிட்டால், அடர்ந்த இளஞ்சிவப்பு கண்ணெதிரே வெளுத்துக்கொண்டே வரும். அதுதான் மூடிய வளையம். அதில் தாமிர சல்பேட் கரைசலைச் சொட்டினால் நிறமும் ஒளிர்வும் திரும்பும். 1997-இல் செய்ததேதான். ஹைட்ரசீன் நஞ்சு, ஆகவே புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டும், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

தாமிரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதரசத்தையும் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் பாதரசக் கழிவுக்கென்று தனிப் புட்டியும், அதை எடுத்துப்போக உரிமம் பெற்ற ஆளும் இருக்கிறார்களா என்று பாருங்கள். பாதரசத்தைக் கண்டறியும் மூலக்கூறு செய்கிற கூடங்களிலேயே, சோதனை முடிந்ததும் கரைசலைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடும் பழக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தத் தொட்டியின் குழாய் எங்கே போகிறது என்று உள்ளே வரும்போது கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அதை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பாதரசப் புட்டியைத் திறக்கலாம்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.